இடுப்பளவு ஆழம்

குளிர்நாடொன்றுக்கு அகதியாக வந்து, பிராண்டே என்ற ஊரில் நான் இருந்தது, தொழிற்சாலையில் செய்து லொறியில் கொண்டுவந்து, ஒரு பண்ணையின் பின்புறத்தில் சீமெந்துக் கற்களின் மேல் இறக்கிவைத்த மரவீடு. அது கதவுப் பக்கம் சரிந்திருந்தது. உலை வைத்தால் சோறு ஒரு பக்கம் குழையும், மறுபக்கம் அடிப்பிடிக்கும். தனி ஆளுக்கு அது போதும். ஆனால் மனைவியை யாழ்ப்பாணத்திலிருந்து அழைக்க விண்ணப்பம் போட்டிருந்தேன். ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. சில கிழமைகளில் முடிவு வரும் என்றார்கள். அவள் வந்து கால் வைக்கும்போது வீடு நேராக இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

பெப்ரவரியில் நிலம் கருங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. இதைவிட நல்ல அத்திவாரம் வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன். ஊர் மேசன்மார் செய்வதுபோல நீண்ட பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பினேன். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையை ஆணியில் கட்டிவிட்டு மறுமுனைக்கு ஓடி, சுவரில் கீறிய கோட்டைப் பார்த்து, திரும்பி ஓடி, லொறி ஜக்கால் வீட்டை உயர்த்திப் பலகைத் துண்டுகளைச் செருகினேன். "வீடு மட்டமாக இருக்கு" என்று அவளுக்குப் பெருமையாகக் கடிதமும் போட்டேன்.

ஏப்ரலில் பழையபடி சரிந்தது. பண்ணைக்காரக் கிழவர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நிலத்துக்குள் உறைந்த பனி தூக்கிப் பிடித்திருந்தது. இப்போது உருகி விட்டுவிட்டது. உறைபனி எட்டாத ஆழத்துக்கு, இடுப்பளவு தோண்டி, அதிலிருந்து கல் வை."

எனக்குக் கோபம் வந்தது. இடுப்பளவு தோண்டப் பல கிழமைகள் வேண்டும். தோண்டினால், அவள் இப்போதைக்கு வரமாட்டாள் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். தோண்டவில்லை. மறுபடியும் பலகைதான் செருகினேன். அப்படியே மூன்று வருடம். எங்கள் ஆட்களின் குடும்பக் கோப்புகளை அமைச்சிலேயே வேண்டுமென்று நகர்த்தாமல் வைத்திருந்தார்கள் என்பது பிறகு வெளிவந்து நாடே அல்லோலகல்லோலப்பட்டது. அப்போது எனக்கென்ன தெரியும்? படிவத்தில் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவள் ஒரு வைகாசியில் வந்தாள். மெலிந்திருந்தாள். வந்த அன்றே சமைக்கத் தொடங்கினாள். கை தவறி விழுந்த வெங்காயம் உருண்டு உருண்டு கதவடியில் போய் நின்றது. அவள் அதையே பார்த்தாள்.

"மட்டம் எண்டெல்லோ எழுதினியள்?"

"எழுதேக்கை மட்டமாத்தான் இருந்தது."

சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம்!

அடுத்த சனிக்கிழமை மண்வெட்டியை எடுத்தேன். இனி எனக்கு என்ன அவசரம்? வேலை முடிந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டினேன். மூலைக்கு மூலை இடுப்பளவு. கிழவரும் வந்து எட்டிப்பார்த்துத் தலையாட்டினார். அடியிலிருந்து கல் வைத்து எழுப்பி முடித்ததும் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அவளிடம் கொடுத்தேன். அவள் வீட்டின் அந்தப் பக்கம் போய்விட்டாள். ஆள் தெரியவில்லை.

"தண்ணி எங்கை நிக்குது?" என்று கத்தினேன்.

"கோட்டிலைதான் நிக்குது."

பழக்கத்தில் ஓடத் தொடங்கினேன்.

"நீங்கள் ஏன் ஓடி வாறியள்? நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறனெல்லோ."

நின்றேன். அந்த ஈர மண்ணிலேயே குந்தியிருந்து அழுதேன்.

"என்னப்பா, சத்தத்தைக் காணேல்லை?"

"ஒண்டுமில்லை," என்றேன். "அப்பிடியே பிடியும்."