எஞ்சினைப் பிரிக்குமுன் பதினோரு கேள்விகள்

பழைய காரின் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் பதினொன்று. எழுதியவன் நான்தான். அடுத்தவர் மனுக்களைத் திருப்பி அனுப்பியே அரசாங்க குமாஸ்தாவாக ஓய்வுபெற்றவனுக்குக் கேள்விகளுக்கா பஞ்சம்?

என் மச்சினனின் வாடகைக் காருக்காக எழுதியவை அவை. துறைமுகத்தில் இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்து ஊரான ஆயர் ஈத்தாம் போவான். கொஞ்ச நாளாகக் கார் பாதி வழியிலேயே கொதித்தது. பயணிகள் இறங்கி ரிக்‌ஷா பிடித்தார்கள். இரண்டு வாரத்தில் லைசென்சுக்கான பரிசோதனை. அதிகாரி முன்னால் மேட்டில் ஏற்றிக் காட்ட வேண்டும். தவறினால் பிழைப்பு போயிற்று. கார் ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது.

"எஞ்சின் தேஞ்சு போச்சு அத்தான். பிரிச்சிடலாம்."

"முறைப்படி பிரிப்போம்," என்றேன்.

உதிரிப் பாகங்கள் கிடைக்குமா? சிலிண்டரைக் கடைந்தால் அதன் சுவர் தாங்குமா? எஞ்சின் புதிதாகும்வரை காரின் அடிச்சட்டம் உதிராமல் இருக்குமா? பிரித்ததைத் திரும்பப் பூட்டத் தெரிந்தவர் உண்டா? எல்லாம் நல்ல கேள்விகள். இன்றைக்குக் கேட்டாலும் அதே வரிசையில் சொல்வேன். பதினொன்றாவது: கொதிப்பதற்குக் காரணம் எஞ்சின்தானா? எங்கள் அலுவலகத்தில் எளிய கேள்வியைக் கடைசியில் கேட்பதே வழக்கம். அதற்குள் மனுதாரர் களைத்திருப்பார்.

நான் பத்தாவதை வாசிக்கும்போதே, எல்லாரும் நானா என்று கூப்பிடும் பட்டறைக்காரர் எஞ்சினைப் பிரித்துப் பரப்பியிருந்தார்.

"பிஸ்டன், வால்வு எல்லாம் நல்லாத்தான இருக்கு, ஐயா?"

"பிரிச்சாச்சு. சும்மா மூடினா நல்லாவா இருக்கும்? பிஸ்டன் ரிங்கையாவது மாத்துங்க," என்றேன்.

மாற்றினார். வெள்ளிக்கிழமை எஞ்சின் காருக்குள் ஏறியது. பூசை என் பொறுப்பு. கார் வாங்கிய நாள் முதல் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை. முன்பக்கத்து ரேடியேட்டரில் மூன்று விரலால் ஓரத்திலிருந்து ஓரம் வரை சந்தனம், நடுவில் குங்குமம். முறையில் நான் குறை வைப்பதில்லை.

பரிசோதனைக்கு முந்தின நாள் மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். பாதியில் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. மச்சினன் காரின் படிப்பலகையில் உட்கார்ந்துவிட்டான்.

"நாளைக்கு என்னத்தக் காட்டறது அத்தான்? பிள்ளைங்ககிட்ட என்னா சொல்லுவேன்?"

நான் வாசித்த பத்தில் எதுவும் இதற்கு உதவவில்லை. கூட வந்திருந்த நானா பீடியைப் பற்றவைத்து, ஓடும் எஞ்சினுக்கு முன்னால் புகையை ஊதினார். ரேடியேட்டரின் துளைகள் வழியே உள்ளே இழுபட வேண்டிய புகை, முட்டித் திரும்பி என் முகத்துக்கே வந்தது.

"காத்தே உள்ள போவலியே லா! இது என்னா, ரேடியேட்டரா செவுரா?"

எஞ்சினை நிறுத்தி, ஈர்க்குச்சியால் குத்தினார். தேன்கூடு போன்ற துளைகளிலிருந்து காய்ந்த சந்தனம் கட்டிகட்டியாக உதிர்ந்தது. வருஷக்கணக்கான வெள்ளிக்கிழமைகள். நல்ல மணம்.

"எந்தப் புண்ணியவான் இம்புட்டு அப்புனது?"

மச்சினன் மரியாதை தெரிந்தவன். மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கார் ஒரு பெருமூச்சுகூட விடாமல் மேடேறியது. எஞ்சினைப் புதுப்பித்தது கண்கூடாகத் தெரிகிறது என்றார் அதிகாரி. எழுத்தில் வராத கருத்தை மறுக்க வழிமுறை கிடையாது.

அடுத்த வெள்ளிக்கிழமை கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக் காத்திருந்தேன். மச்சினன் காரில்லாமல் நடந்து வந்தான்.

"பூசைய வீட்லயே முடிச்சிட்டோம், அத்தான். உங்களுக்கு ஏன் வீண் சிரமம்?"