வார்சாவில் ஒரு ஜன்னல்

யாரிடமும் பேச நான் கூசியதில்லை. எழுபதுகளில், காரைக்குடியில் வேலை பார்த்த என் கணவரைப் பயிற்சிக்காகப் போலந்துக்கு அனுப்பினார்கள். பயிற்சியின் கடைசி மாதம் நானும் போய்ச் சேர்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வார்சாவின் பழைய நகரத்தைச் சுற்றிக்காட்ட ஒரு பெண்மணி, பயிற்சிக்கு வந்திருந்த எங்கள் கூட்டத்தை நடத்திச் சென்றார். போரில் தரைமட்டமான வீடுகளை முன்பு இருந்தபடியே திரும்பக் கட்டியதாக ஆங்கிலத்தில் விளக்கினார். எல்லோரும் எந்த வீடு எந்த நூற்றாண்டு என்றே கேட்டார்கள்.

"இதுல இவுக வீடு எதுன்னு கேக்கப் போறேன்," என்றேன் கணவரிடம்.

"உன் இங்கிலீஷை வச்சுக்கிட்டா? பேசாம வா."

"அவுகளுக்குப் புரிஞ்சாச் சரிதான். நீங்க ஏன் கூச்சப்படுறீக?"

கேட்டுவிட்டேன். அந்தப் பெண்மணி விளக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு என் கையைப் பிடித்து, ஒரு சந்துக்குள் கூட்டிப்போய், மாடி ஜன்னல் ஒன்றைக் காட்டினார்.

"அம்மா அங்கே நின்றுதான் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவாள்."

அங்கே யாரோ ஒரு பெண் துணி உதறிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். என்னைக் கூட்டிவந்தவரும் கையசைத்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இப்போது எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பழைய பெரிய வீடுகளைப் பார்க்க யாராவது வந்தால், அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றித்தான் நான் முதலில் சொல்வேன். தேக்குத் தூண்களை வந்தவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.