சுவரில் எழுதிய உடன்படிக்கை

தலத்தெரு சவரிநாதன் முப்பது வருஷம் நொத்தேர் எனப்படும் பிரெஞ்சு முறைப் பத்திர அலுவலகத்தில் அடுத்தவர் பத்திரங்களை நகலெடுத்து ஓய்வு பெற்றவர். சொந்தமாக ஒரு பத்திரம் எழுதும் பாக்கியம் 1978-இல்தான் கிடைத்தது. மகள் ஞானமேரி தலைப்பிரசவத்துக்கு ஐப்பசி பிறந்ததும் வருகிறாள். மழை இறங்குமுன் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை எழும்பியாக வேண்டும்.

அவசரம் என்பதால் கொத்தனாரோடு போடும் உடன்படிக்கையை இருபத்தேழு ஷரத்துகளோடு நிறுத்திக்கொண்டார். வெற்றிலையை எங்கே துப்புவது என்பதற்கே மூன்று.

நெரவி முத்தையன் கொத்தனார் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கட்டைவிரலை நீட்டினார்.

"கைநாட்டு செல்லாது. கீழே உன் கையால 'லு எ அப்ரூவே'ன்னு எழுதணும். பிரெஞ்சுக்காரன் வச்ச முறை."

"அப்படின்னா என்னங்கய்யா?"

"படித்தேன், சம்மதித்தேன்."

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதுங்களே. படிச்சேன்னு எழுதினா பொய்ப் பத்திரமாயிடாதுங்களா?"

இதற்கு விடை தேடியதில் ஒரு வாரம் போயிற்று. பிறகு எழுத்துப் பயிற்சி. முத்தையன் பிடியில் பென்சில்கள் ஒடிந்துகொண்டே இருந்தன. கையெழுத்தாகாமல் வேலை தொடங்கக்கூடாது என்பது முதல் ஷரத்து. ஆவணி முழுதும் கரைந்தது. குவித்த மணலில் கோழி அடை உட்கார்ந்தது.

"புள்ள வந்து அந்தக் காகிதத்து மேலயா படுப்பா?" என்றாள் மனைவி சகாயம்மாள்.

முத்தையன்தான் வழி சொன்னார். "பென்சில் நமக்கு வளைய மாட்டேங்குதுங்கய்யா. ஈரப் பூச்சுல பூசுற கரணை முனையால மயில், சிலுவை எது கேட்டாலும் போடுவேன். இதுவும் படந்தானே?"

"சரி, சுவத்துலயே எழுது."

"சுவரு எங்கங்க?"

சவரிநாதன் யோசித்தார். காகிதம் வாங்க யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. இங்கே சுவர்தான் காகிதம். ஆகவே சுவர் கட்டலாம். ஒற்றைச் சுவர் நிற்காது என்றார் கொத்தனார், நாலாக எழுப்பினார்கள். காகிதம் நனையக்கூடாதே என்று ஓடும் வேய்ந்தார்கள். உடன்படிக்கை எழுத ஆயத்தமானபோது அறையில் பாக்கி வேலை ஒன்றுமில்லை.

ஐப்பசி முதல் தேதி, கடைசிப் பூச்சின் ஈரத்தில், முத்தையன் காகிதத்தைப் பார்த்து அந்த வாசகத்தை அச்சுப்போல வரைந்தார்.

"இப்ப நீங்க போடுங்கய்யா."

உரிமையாளரும் ஒப்பமிட வேண்டும் என்பது இருபத்தேழாவது ஷரத்து. ஊரே மெச்சிய கையெழுத்துக்காரர் கரணையைப் பிடித்தார். முதல் எழுத்து பிட்டுபோல உதிர்ந்தது. தடவிவிட்டு மறுபடி எழுதினார், அதுவும் உதிர்ந்தது. பூச்சு இறுகிக்கொண்டிருந்தது. வாசலில் ரிக்ஷா மணி, ஞானமேரியின் குரல்.

சவரிநாதன் இருபுறமும் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை அழுத்தினார்.

"கைநாட்டு செல்லாதுன்னீங்க," என்றார் முத்தையன்.

"அது காகிதத்துக்கு."

அவசரத்தில் விரல் ஆழமாகவே இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்துக்கு வெள்ளையடிக்க அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. பேத்தி பிறந்த நாள் முதல் அந்தக் குழியில் சகாயம்மாள் ஊதுவத்தி செருகி வைத்தாள்.