ரோஸ்லின் மேடம் தந்த பயம்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, பழைய கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த சுகந்தி போன் செய்தாள். "சாரே, நம்ம ரோஸ்லின் மேடம் போயிட்டாவ. நெஞ்சு வலியாம்."

கீரிப்பாறை அடிவாரத்தில் எங்கள் ரப்பர்ப்பால் தொழிற்சாலையில் வேலை பார்த்த யாருக்கும் அவர் வந்த நாள் நினைவிருக்கும். சுனாமி முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நிறுவன மேம்பாட்டுக்காக மனிதவள அதிகாரி வருகிறார் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆளைக் குறைக்கத்தான் வருகிறார் என்று நடுங்கினோம். சூப்பர்வைசரான எனக்கே அன்று சோறு இறங்கவில்லை.

முதல் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்துப் புதுக்கடை ஊர்க்காரரான அவர் எங்கள் பேச்சிலேயே சொன்னார்: "நான் யாருக்க வேலையையும் பறிக்க வரல்ல மக்களே. பயந்து பேடிச்சவன் உள்ளதச் சொல்லமாட்டான். உள்ளது தெரியாம கம்பெனிய எப்பிடி நல்லாக்க?" நாங்கள் நம்பவில்லை. ஆனாலும் வாரந்தோறும் இயந்திரங்களுக்கு நடுவே வந்து நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறு வருட மழைக்காலத்தில் ஒரு காலை. பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்க்கும் பகுதியில் நின்ற சுகந்தி, கண்ணைக் கசக்கியபடி அவரிடம் ஓடினாள். "மேடம், வாடை கூடுதலாட்டு இருக்கு. சொன்னா மேனேஜர் சார் ஏசுவாரு." ரோஸ்லின் சுகந்தியையும் என்னையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார்.

"சரக்கு இன்னைக்கு கப்பலுக்குப் போகணும். சாயங்காலம் பார்ப்போம்," என்றார் மேனேஜர்.

"இப்பமே நிறுத்துங்க சார். இல்லன்னா நான் ஆளுகள வெளிய கூட்டீட்டுப் போறேன்."

ரோஸ்லின் பதிலுக்கு நிற்காமல் நேரே இயந்திரக்கூடத்துக்குப் போய், எல்லாரையும் வெளியே வரச் சொல்லிக் கத்தினார்.

கடைசி ஆள் வாசலைத் தாண்டியதும் குழாய் இணைப்பு பிய்ந்தது. வெண்புகை துரத்தியது. தொண்டை எரிந்தது, கண் தெரியவில்லை. ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரப்பர் மரங்களுக்கிடையே ஓடினோம். உள்ளே யாரும் சிக்கவில்லை என்று உறுதியான பிறகு, ரோஸ்லின் மண்ணில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

"புகை கேறிச்சா மேடம்?" என்றாள் சுகந்தி.

"இல்ல மக்கா. பேடி."

ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் இயந்திரத்தை நிறுத்தலாம் என்ற விதியை, அதன்பின் அவர் முதலாளியிடம் மல்லுக்கட்டி வாங்கினார்.

இப்போது வேறொரு கம்பெனியில் நான் கூட்டம் நடத்துகிறேன். எல்லாரும் சரி சரியென்று தலையாட்டி, ஒன்றும் கேட்காமல் எழுந்தால் எதை மறைக்கிறார்களோ என்று எனக்குப் பயம் வரும். மறுபடியும் உட்காரச் சொல்வேன். ரோஸ்லின் மேடத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தப் பயம்.