நசுக்காத கார்

இது கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சம்பந்தப்பட்டவரே சொன்னது. சொல்லி முடிக்கும்வரை ஒரு தடவைகூட அவர் தலை நிமிரவில்லை. பயம் காட்டக் கதை விடுகிறவன் இப்படி வெட்கிக் குறுகமாட்டான். இன்னொன்று... பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது நடந்தது பட்டப்பகலில்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வீட்டில் அவர் பெயர் ரேஸ்காரர். மனைவி வைத்தது. பாராட்டி வைத்தாள் என்று நினைக்க வேண்டாம். வருஷக்கணக்காக வீட்டு ஷெட்டுக்குள் படுத்து உருண்டு, அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அச்சு அசலாகச் செய்துகொண்டிருந்தார். அசலை வாங்க அவரையே விற்றாலும் காணாது. அதனால் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. மேல் உடம்பைக் கண்ணாடி இழையிலும் ரெசின் என்கிற பிசினிலும் தாங்களே வார்த்துக்கொள்வார்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், சீட் எல்லாவற்றையும் வேறொரு காரிலிருந்து கழற்றி உள்ளே வைப்பார்கள்.

இவர் கழற்றியது யாருடைய கார் என்பதில்தான் வந்தது வினை.

அக்காவின் கணவர், இவர் மாமா என்று கூப்பிடுகிறவர், காருக்குள்ளேயே மாரடைப்பு வந்து இறந்துபோனார். தெருவோரம் நிறுத்தியிருந்த கார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அக்கா சாவியைத் தம்பி கையில் வைத்தாள். அம்மா இல்லாத வீட்டில் அவரைக் குளிப்பாட்டித் தலைசீவி வளர்த்த அக்கா.

"இதை நசுக்கிடச் சொல்லு தம்பி. இனிமே யாரும் அதுல உட்காரக் கூடாது."

தலையாட்டினார். ஆனால் அந்த எஞ்சின்... அவர் எங்கெங்கோ தேடி அலைந்த அதே எஞ்சின். ஆசை யாரை விட்டது? வேண்டியதையெல்லாம் கழற்றிக்கொண்டு வெறும் கூட்டை மட்டும் பழைய இரும்புக் கடையில் நசுக்கக் கொடுத்தார். அக்காவிடம் போய், தகடாக நசுக்கிவிட்டார்கள், பக்கத்தில் நின்று பார்த்தேன் என்று சொன்னார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கையை உருவவும் முடியாமல், அவள் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் நின்றார். மனைவிக்குக்கூட, பழைய இரும்புக் கடையில் வாங்கியது என்றுதான் சொல்லியிருந்தார்.

முதலில் சீட்.

மாமா நல்ல உயரம். இவர் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்து வைத்துவிட்டுத் தூங்கப் போவார். காலையில் பார்த்தால் கடைசிவரை பின்னால் போயிருக்கும். மகள்தான் விளையாடியிருப்பாள் என்று அவளைப் பிடித்துத் திட்டினார். பாவம், அவள் ஷெட் பக்கமே வருவதில்லை. ரெசின் நாற்றம் அவளுக்கு ஆகாது.

அடுத்தது எஞ்சின்.

பெட்ரோல் டேங்க் இன்னும் வைக்கவில்லை. பேட்டரி அலமாரியில் இருந்தது. ஒருநாள் ஸ்பேனரை எடுக்கக் குனிந்தவர், எஞ்சின் மேல் கையை ஊன்றினார். சுட்டது. வெகுதூரம் ஓட்டி வந்து அப்போதுதான் நிறுத்தியதுபோல... கொதித்தது.

யாரிடம் சொல்வது? சொன்னால், எஞ்சின் ஏது என்று கேட்பார்களே. வாயை மூடிக்கொண்டார்.

இந்த லட்சணத்தில் மனைவி, கார் முடியப் போகிறது, வந்து பாருங்கள் என்று அக்காவை அழைத்துவிட்டாள். ஞாயிறு மத்தியானம் வருகிறேன் என்றாள் அக்கா. என் தம்பி செய்த காரில் முதலில் நான்தான் உட்காருவேன் என்றும் சொன்னாளாம். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் போயிற்று. அக்காவுக்குத் தெரிந்துவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஞாயிறு காலை மனைவியும் மகளும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். இவர் ஷெட்டுக்குள் அடையாளங்களை அழித்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் புதுத் தோல் சுற்றினார். கியர் குமிழை மாற்றினார். சீட்டில் மாமாவின் சிகரெட் சுட்ட ஓட்டை ஒன்று இருந்தது. அதன்மேல் உறை போட்டுத் தைத்தார். திருடன் புத்தி இப்படித்தான் இருக்கும் என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் தைத்து முடித்தார். பிறகு காரின் முன்னால் உட்கார்ந்து விளக்கைத் துடைத்தார்.

மணி பன்னிரண்டேகால்.

'கடக்.'

சீட்டின் கொக்கி விடுபடும் சத்தம்.

கர்ர்ர்... சீட் பின்னால் போனது.

அவர் நிமிரவில்லை. ஷெட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை.

கார் மெல்ல ஒரு பக்கம் தாழ்ந்தது. கனமான ஆள் ஏறி உட்கார்ந்தால் தாழுமே... அப்படி.

ஒரு பெருமூச்சு.

அப்புறம்... ஹாரன்.

பாம்ம்ம்ம்ம்...

விட்டுவிட்டு இல்லை. ஒரே அழுத்து.

பயத்தைவிட முதலில் வந்தது வேறு. அக்கா வருகிற நேரம்... தெரு கூடிவிடும்... மானம் போய்விடும். உள்ளங்கையால் பானெட்டில் ஓங்கித் தட்டினார். ஒன்று. இரண்டு.

"நிறுத்து... போதும், நிறுத்து."

நிற்கவில்லை.

ஓடினார்.

ஷட்டரை இழுத்தார்.

பூட்டினார்.

சீட் பக்கம் திரும்பவே இல்லை.

உள்ளே சத்தம் மெலிந்தது... இழுத்தது... நின்றது.

வராந்தாவில் ஒரு அட்டைப்பெட்டி. நேற்று வந்தது. பிரிக்கவே இல்லை. அதில்தான் ஹாரன் இருந்தது. காரில் ஹாரனே இல்லை.

"என்னடா, பேயடிச்ச மாதிரி நிக்கிற?"

வாசலில் அக்கா.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எஞ்சின், சீட், தான் சொன்ன பொய், இப்போது கேட்ட ஹாரன், ஒன்றுவிடாமல் தரையைப் பார்த்தபடியே கொட்டித் தீர்த்தார். அறைவாள் என்று எதிர்பார்த்தார். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அறையவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"ஹாரன் அடிச்சப்போ, உள்ள எட்டிப் பார்த்தியா?"

"இல்லக்கா. பானெட்ல தட்டிட்டு... ஓடி வந்துட்டேன்."

அக்காவும் படியில் உட்கார்ந்தாள். போலீஸ்காரர் அவளிடம் மட்டும் சொன்ன விஷயம் ஒன்று இருந்தது. அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. மாமா உடனே சாகவில்லையாம். பேச்சு வரவில்லை போலிருக்கிறது. ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாராம். தெருவில் போனவர்கள் எரிச்சலோடு விலகிப் போனார்களாம்.

"ஒருத்தன் மட்டும் கிட்ட வந்தானாம். பானெட்ல ரெண்டு தட்டு தட்டி, நிறுத்துன்னு கத்திட்டுப் போயிட்டானாம். எட்டிப் பார்க்கலடா. பார்த்திருந்தா பொழைச்சிருப்பாரு."

அக்கா கையை நீட்டினாள். இவர் ஷட்டர் சாவியைக் கொடுத்தார். அவள் எழுந்து போனாள்.

ஷட்டர் மேலே போகும் சத்தம் கேட்டது.

அப்புறம் அவள் குரல்... ரொம்ப மெதுவாக...

"வந்துட்டேங்க."

உள்ளே என்ன பார்த்தாள் என்று இவர் இன்றுவரை கேட்கவில்லை. கேட்க அவருக்கு எந்த முகம் இருக்கிறது?