பேருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நாசி கண்டார் சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு, பினாங்கில் பாயான் பாரு வீட்டில் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். கல்லூரியில் பாடம் நடத்தும் என் மகள், இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியம் ஒன்றுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு பெயருக்கு முன்னால் இரண்டு அடைப்புக்குறி, பின்னால் இரண்டு போட்டாள். பெயர் சிவப்பாக மாறியது.

"ஏம்மா செகப்பா இருக்கு?" என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

"இவங்களப் பத்தி இன்னும் யாரும் எழுதலப்பா. தெரிஞ்சவங்க பாத்துட்டு வந்து எழுதுவாங்கலா."

சாப்பிட்ட மீன் கறி நெஞ்சுக்கு ஏறியது. அஜீரணம் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அஜீரணமெல்லாம் இல்லை, அருவருப்பு. யார்மேல் என்று கேட்டால் ஒரு வரிசையே இருக்கிறது. வரிசையின் முதல் ஆள் நான்தான்.

மீன் கறி என்றதும் மசாலா வாசனை நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் கடைசியில், ஜார்ஜ் டவுனில் மசாலா அரைக்கும் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் அறை இருந்தது. கீழே மிளகாய் அரைத்தால் மேலே நாங்கள் தும்முவோம். அரைக்காத நேரத்தில் பின்பக்கத்து லோங்காங் நாறும். சாக்கடை நாற்றத்துக்கு மிளகாய் தேவலை என்று நான் முன்பக்கத்து ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் டெக்னீஷியன். கம்ப்யூட்டர் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக, 'பினாங்குத் தமிழர் இணையக் களஞ்சியம்' என்ற பெரும் பணியை என் தலையில் கட்டியிருந்தார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை மறைப்பானேன்?

தட்டச்சு வேலை முழுவதும் பரமேஸ்வரி அக்காவுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளார்க் குடும்பம். ஐம்பது வயதிருக்கும், திருமணமாகவில்லை. வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து நேராக இங்கே வருவார். கைப்பையில் ஒரு பாக்கெட் கிரீம் கிராக்கர் பிஸ்கட் இருக்கும், எனக்குப் பாதி. பழைய குவாட்டர்ஸ், கோயில்கள், துறைமுகத் தொழிலாளர் லயன் வீடுகள் என்று பக்கம் பக்கமாகத் தட்டுவார். ஆனால் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுப்பதற்குள் அவருக்கு வெறுத்துப்போகும். ஒரு பெயருக்கு அரை வரி ஆங்கிலக் குறிகள், கோப்பின் பெயர், மேற்கோள் குறிகள். ஒன்று விட்டுப்போனாலும் பக்கம் மொத்தமும் கோணிக்கொள்ளும்.

"தம்பி, ஒரு பேரு எழுத இத்தன முள்ளுக்கம்பியா? ஏதாச்சும் சுருக்கமா செய்யேன்."

செய்தேன். பெயரின் இரண்டு பக்கமும் ஒரு குறியை இரண்டு முறை தட்டினால் போதும், மீதியை என் நிரல் பார்த்துக்கொள்ளும். எந்தக் குறி என்பதுதான் பாக்கி. அதை நானும் அக்காவும் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்திருப்போம். ஆனால் சங்கம் என்றால் கூட்டம் போட வேண்டுமே! கூட்டல் குறி என்றேன். சிலுவை மாதிரி இருக்கிறது, கோயில் கமிட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்றார் தலைவர். நட்சத்திரம் என்றேன். ஏதோ கட்சிச் சின்னம் மாதிரி இருக்கிறதாம். சாய்வுக்கோடு பெயரை வெட்டுவது மாதிரி இருக்கிறதாம், அபசகுனம். இரண்டு மணி நேரம், மூன்று சுற்றுத் தே தாரிக் டீ. கடைசியில் சமக்குறி பாஸாயிற்று. எல்லோரும் சமம், நல்ல கருத்து என்று சொல்லித் தலைவர் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். சமத்துவத்தைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

அந்தச் சுருக்கக் குறியில் நான் உண்மையாகவே பெருமைப்பட்ட விஷயம் வேறு. குறி போட்ட பெயருக்குப் பக்கம் இன்னும் எழுதப்படாமல் இருந்தால், பெயருக்குப் பின்னால் ஒரு சின்னக் கேள்விக்குறி தானாக வந்து நிற்கும். அதை அமுக்கினால் ஒரு வெற்றுப் பெட்டி திறக்கும். தெரிந்தவர் யாரும் எழுதலாம். அது வேலையும் செய்தது. கெப்பாலா பத்தாஸிலிருந்து ஓர் ஆசிரியர், தன் தகப்பனார் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒரே மூச்சில் நான்கு பக்கம் எழுதி அனுப்பினார். அக்கா அதைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். மிளகாய் என்றார். கீழே கடை அன்று விடுமுறை.

குவாட்டர்ஸைப் பற்றி அக்கா தட்டிய பக்கத்தில் செல்வமலர் என்றொரு பெயர் இருந்தது. இன்னாருடைய மகள், கோயிலில் தேவாரம் பாடுவார் என்று ஒரே ஒரு வரி. பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி. சனிக்கிழமை வந்ததும் அக்கா முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பார். நான் ஏன் என்று கேட்டதில்லை.

திறப்பு விழா வந்தது. மண்டபம், மாலை, பொன்னாடை. தலைவருக்கு மூன்று பொன்னாடை, அக்காவுக்குக் கடைசி வரிசையில் நாற்காலி. அரசாங்கப் பட்டம் வாங்கிய நகைக்கடை முதலாளி ஒருவர் திரையில் தன் பெயரைத் தேடிப் பார்த்தார். இருந்தது, பின்னால் கேள்விக்குறியோடு. அவரைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். மனுஷன் குதித்தார்.

"என் பேருக்குப் பின்னால கேள்வியா? என்ன சந்தேகம் ஒனக்கு?"

மறுநாளே தலைவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஒரு கேள்விக்குறியும் இருக்கக்கூடாது. பேர அமுக்குனா யாராச்சும் வரணும். ஆளில்லாத பேரெல்லாம் என் பக்கத்துக்கு விட்டுரு. நான் வரவேற்கிற மாதிரி இருக்கும்லா."

சிரிக்காதீர்கள். நான் அன்று சிரிக்கவில்லை. அவருடைய மச்சான் எங்கள் ஃபேக்டரியில் மேனேஜர். சூப்பர்வைசர் பதவிக்கு என் பெயர் போயிருந்த நேரம். பத்து நிமிட வேலை. அதன்பிறகு பக்கம் இல்லாத எந்தப் பெயரை அமுக்கினாலும், கழுத்து மறையும் அளவுக்கு மாலை போட்டுக்கொண்டு தலைவர் கைகூப்பி நின்றார். துறைமுகக் கூலிகள், மருத்துவச்சிகள், இறந்துபோன நாதஸ்வரக்காரர்கள் எல்லோரும் அவரே.

"தம்பி, கேள்விக்குறிய எடுக்காத. அது இருந்தாத்தான் ஆளு வருவாங்க," என்றார் அக்கா. அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் எதையும் கேட்டதில்லை.

"கொஞ்ச நாளைக்குத்தான்க்கா," என்றேன். என்ன வாய் இது!

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. களஞ்சியத்தின் வருகையாளர் பதிவேட்டில் புதிதாக ஒரு குறிப்பு வந்திருந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். அக்கா வாய்விட்டுப் படித்தார்.

"புக்கிட் மெர்தாஜாம்லேருந்து எழுதுறேன். ஒங்க பக்கத்துல எங்கம்மா பேரு செல்வமலர்னு பாத்தேன். நான் அவங்க மக. தாத்தா பேரும் சரியா இருக்கு. அம்மா பேர அமுக்குனேன். மாலை போட்ட ஒருத்தரு வந்தாரு. இவருதான் எங்கப்பாவா? அம்மா சாகுற வரைக்கும் சொல்லல."

பெயர் இல்லை. மின்னஞ்சல் முகவரிக்கான கட்டம் காலி.

அக்கா அன்றுதான் எனக்குச் சொன்னார். செல்வமலர் அவருடைய சின்னம்மா. கல்யாணமாகாமல் வயிற்றில் பிள்ளை. ஆள் ஒரு துறைமுகத் தொழிலாளி என்று பேச்சு. கிளார்க் குடும்பத்துக்கு அது தாங்குமா? ஒரே நாளில் வெளியே அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. "கேட்டச் சாத்திட்டு வான்னு அப்பா சொன்னாரு தம்பி. எனக்குப் பத்து வயசு. நான்தான் சாத்துனேன். சின்னம்மா திரும்பிப் பாத்தாங்க," என்றார்.

அந்தக் குறிப்புக்குக் கீழேயே அக்கா பதில் தட்டினார். அவர் உன் அப்பா இல்லையம்மா, நான் உன் அக்கா, பெரியம்மா மகள் என்று எழுதி, வீட்டு விலாசமும் டெலிபோன் எண்ணும் போட்டார். நான்கைந்து இடத்தில் எழுத்து தப்பாக விழுந்தது. ஆயுளில் தப்பில்லாமல் டைப் அடித்தவர் அவர்.

திங்கட்கிழமை காலை ஃபேக்டரிக்கே தலைவர் போன் போட்டார். "நான் யாருக்குடா அப்பன்? என் வீட்டுக்காரி பாத்தா என்னாவறது? அந்தப் பதிவேட்ட மொத்தமா அழி. இப்பவே."

மொத்தமாக அழித்தேன். ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை. ஒரு வாரத்தில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. அந்தப் பதவிக்குக் கொடுத்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனேன்.

அடுத்த சனிக்கிழமை அக்கா கேட்டபோது, "சர்வர் பிராப்ளம்க்கா, பதிவேடே போயிருச்சு," என்றேன்.

"பதில் எத்தன நாள் இருந்துச்சு தம்பி?"

"ஒரு வாரம் இருந்திருக்கும்," என்றேன். இரண்டு நாள்கூட இல்லை.

அதன்பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அவர் ஃபெர்ரி பிடித்து, பஸ் ஏறி, புக்கிட் மெர்தாஜாமுக்குப் போனார். கோயில் வாசலில், ஸ்டேஷன் பக்கத்தில், செல்வமலர் என்று யாரையாவது தெரியுமா என்று விசாரித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்றைக்கு அந்தக் களஞ்சியம் கிடையாது. இலவசமாக இடம் கொடுத்த நிறுவனம் கடையைக் கட்டியபோது எல்லாப் பக்கங்களும் அதோடு போயின. மேல்மாடி அறை இப்போது வெள்ளைக்காரர்கள் தங்கும் சின்ன ஹோட்டல். மசாலாக் கடையும் இல்லை, தும்மலும் இல்லை. தலைவர் போய்ச் சேர்ந்தார், இரங்கல் கூட்டத்தில் நானும் பேசினேன். அக்காவும் போய்விட்டார். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு வாரம் இருந்துச்சே தம்பி. அவ படிச்சிருப்பா. நாங்க வேணாம்னு விட்டுட்டா. சரிதான், நாங்க செஞ்சதுக்கு."

"ஆமாக்கா, படிச்சிருப்பாங்க," என்றேன்.