ரேஷன் கடைக்குப் போட்ட பந்தல்

கொரோனா ஊரடங்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. கடத்தூரில் அப்பா கல்யாணங்களுக்குப் பந்தலும் பாத்திரமும் வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சித்திரை, வைகாசிக்குப் பேசி வைத்திருந்த கல்யாணங்கள் எல்லாம் போனிலேயே ஒவ்வொன்றாக நின்றுபோயின. நானும் தம்பியும் சாம்பார் அண்டாக்களுக்குள் ஒளிந்து விளையாடினோம். எங்கள் வரையில் அது நல்ல காலம்தான்.

ரேஷனில் இலவச அரிசி கொடுத்தார்கள். அப்பா வீட்டைவிட்டு அசையவில்லை. "பாதி ஊருக்கு நான் பந்தல் போட்டிருக்கேன். இப்ப அவங்ககூடவே பையத் தூக்கிட்டு நிக்கறதா?" என்றார். அம்மாவும் நானும் போய், சுண்ணாம்பில் வரைந்த வட்டங்களுக்குள் வெயிலில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற கர்ப்பிணி அக்கா ஒருவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். நான் கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்: "எங்க வூட்டுல பந்தல் சும்மாதாங்க கெடக்குது. எங்கப்பா போட்டுத் தருவாருங்க."

வீட்டில் அப்பாவிடம் திட்டு விழுந்தது. "யாரக் கேட்டுச் சொன்ன? வாடகை யாரு குடுப்பாங்க?"

அம்மா குரலை உயர்த்தவில்லை. "யாரும் குடுக்க வேணாங்க. இங்க கெடந்தா எலிதான் கடிக்குது. அந்தப் புள்ள உக்காந்தத நீங்க பாக்கல."

மறுநாள் விடிந்ததும் அப்பா ரேஷன் கடை முன்னால் எங்கள் மூன்று பேரையும் வைத்துக்கொண்டே கம்பம் நட்டார். எலி கடித்த இடங்களை அம்மா தைத்துக் கொடுத்தாள். சிவப்பும் மஞ்சளுமாகக் கல்யாணப் பந்தல். கீழே அரிசிப் பைகளோடு ஜனங்கள். "பொண்ணு மாப்பிள்ளை எங்கப்பா?" என்று ஒரு பெரியவர் கேட்க, மாஸ்க்குக்குள் வரிசையே சிரித்தது.

அந்த வாரமே பேரூராட்சியிலிருந்து ஆள் வந்தார். காய்கறிக் கடைகளைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு மாற்றுகிறார்கள், பந்தல் வேண்டும், வாடகை குறைவுதான் என்றார். அப்பா உடனே ஒத்துக்கொண்டு, வேலையில்லாமல் இருந்த தன் ஆட்கள் இரண்டு பேரைப் போனில் கூப்பிட்டார்.

அடுத்த மாதம் அம்மா ரேஷனுக்குக் கிளம்பும்போது, அப்பா பையை வாங்கிக்கொண்டு தானே புறப்பட்டார். நானும் கூடப் போனேன். முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் பேசிக்கொண்டே, தன் முறை வரும்வரை வட்டத்துக்குள் நின்றார். நிழல் வந்துவிட்டதால்தான் அப்பா வரிசைக்கு வந்தார் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.